உப்புக்குக் கட்டுண்டோர்

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில், ஃபோர்த் ஆறு கடலோடு கலக்கும் அகன்ற கழிமுகத்தின் வடபுறத்தே நீண்டு கிடக்கும் ஃபைஃப் நிலப்பகுதியின் மூலைக்கு ஈஸ்ட் நியூக் என்று பெயர். ஈலி, செயின்ட் மோனன்ஸ், பிட்டன்வீம், ஆன்ஸ்ட்ரதர், கிரெய்ல் என அடுத்தடுத்து அமைந்த அதன் மீன்பிடி ஊர்கள், நெதர்லாந்தோடு நிகழ்ந்த கடல் வாணிகத்தை நினைவூட்டும் சிவப்பு ஓட்டுக் கூரைகளாலும் படிக்கட்டு வடிவ முகட்டுச் சுவர்களாலும் இன்று பயணிகளை ஈர்க்கின்றன. அந்த அழகைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். அக்கரையின் நிலக்கரியை வெட்டியும் எரித்தும் பிழைத்தவர்களின் நிலை அந்த அளவுக்குப் பேசப்பட்டதில்லை.

செயின்ட் மோனன்ஸுக்குக் கிழக்கே நிற்கும் காற்றாலைக் கோபுரம் தானியம் அரைக்க எழுந்ததன்று. 1771இல் தொடங்கப்பட்ட நியூவார்க் நிலக்கரி உப்பு நிறுவனம், தன் உப்புக் காய்ச்சும் கொட்டில்களுக்குக் கடல்நீர் இறைக்க அதைக் கட்டியது. வெயிலை நம்பி உப்பளம் அமைக்க இயலாத அந்தக் குளிர்நாட்டில், அகன்ற இரும்புத் தட்டுகளில் கடல்நீரை நிரப்பி, கீழே கரியை எரித்து, காளையின் இரத்தத்தை விட்டு அழுக்கை நுரையாகத் திரட்டி அகற்றி, நீர் வற்றும்வரை காய்ச்சியே உப்பு எடுத்தனர். ஒரு டன் உப்புக்கு ஏறத்தாழ 32 டன் கடல்நீரும் 8 டன் கரியும் வேண்டியிருந்ததால், சுரங்கத்தை ஒட்டியே உப்புக் கொட்டிலும் அமைந்தது.

சுரங்கத்திலும் கொட்டிலிலும் உழைத்தோரை ஒரே சட்டமே பிணைத்தது. முந்தைய முதலாளியின் சான்றின்றி உப்புக் காய்ச்சுவோர், கரி வெட்டுவோர், கரி சுமப்போர் ஆகியோரை வேறெவரும் பணியில் அமர்த்தலாகாது என ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் 1606இல் விதித்தது. ஓராண்டும் ஒரு நாளும் முடிவதற்குள் முதலாளி உரிமை கோரினால், விலகியவரைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும். குழந்தையின் திருமுழுக்கின்போது பெற்றோருக்குக் கொடுக்கப்பட்ட அச்சாரத்தால் அக்குழந்தையும் அத்தொழிலுக்கே உரியதாகிவிடும் வழக்கமும் நிலவியது. நியூவார்க் நிறுவனம் தோன்றியபோதும் இப்பிணைப்பு நடைமுறையில்தான் இருந்தது. 1775ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தளர்த்தியது, 1799ஆம் ஆண்டுச் சட்டமே முற்றாக அறுத்தது. நிறுவனப் பங்காளர்களுள் ஒருவரான சர் ஜான் ஆன்ஸ்ட்ரதரின் மனைவி ஜேனட், கடலாடச் செல்கையில் தங்குவதற்கெனக் கட்டப்பட்ட கோபுரம் ஈலி அருகே இன்றும் உள்ளது. அவர் கடலாடும் வேளையில் ஊரார் அப்பக்கம் வராதிருக்க மணியடித்து அறிவிப்பர் என்பது செவிவழிச் செய்தி. சுற்றுலாக் கையேடுகள் விரும்பிச் சொல்வது இந்த மணிக் கதையைத்தான்.

சட்டம் விடுவித்த உப்புத் தொழிலாளர் அத்தொழிலில் நெடுங்காலம் நிலைக்கவில்லை. உள்நாட்டு உப்புக்குச் சாதகமாக இருந்த வரியமைப்பு 1825இல் நீங்கியதும், காய்ச்சாமலே வெட்டியெடுக்கப்பட்ட மலிவான பாறை உப்போடு போட்டியிட முடியாமல், ஃபோர்த் கரையின் உப்புக் கொட்டில்களுள் பெரும்பாலானவை மூடப்பட்டன.