அயர்லாந்தின் தன்னாட்சியும் காலங்கடந்த தீர்வும்

1916ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் அன்னி பெசன்ட் அம்மையார் சென்னையில் தொடங்கிய இயக்கத்திற்கு ‘ஹோம் ரூல்’ என்று பெயர் சூட்டினார். நம் முன்னோர் மேடைதோறும் கேட்ட அச்சொல் அயர்லாந்திலிருந்து வந்தது. உலகின் பெரும்பகுதியை ஆண்ட பிரிட்டிஷ் அரசு, தன் வாயிற்படியில் இருந்த ஒரு சிறு தீவின் தன்னாட்சிக் கோரிக்கையைத் தீர்க்க இயலாமல் அரை நூற்றாண்டு தவித்தது ஏன்? அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1800ஆம் ஆண்டின் ஒன்றிப்புச் சட்டத்தால் டப்ளின் பாராளுமன்றம் மறைந்தது. 1801 முதல் அயர்லாந்தின் 100 உறுப்பினர்கள் இலண்டனில் அமர்ந்தனர். ஒன்றிப்பை அடுத்துக் கத்தோலிக்கர்க்குச் சம உரிமை வழங்கப் பிரதமர் பிட் விழைந்தார். மன்னர் மூன்றாம் ஜார்ஜ் இணங்கவில்லை. கத்தோலிக்கர் பாராளுமன்றத்தில் அமரும் உரிமை 1829இல்தான் கிட்டியது. 1845இல் தொடங்கிய பெரும் பஞ்சத்தில் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் மாண்டனர். அதற்குக் குறையாத தொகையினர் கப்பலேறினர். ஊர் துறந்தோர் ஊரை மறந்தாரில்லை. அமெரிக்காவில் வேரூன்றிய அயர்லாந்துக் குடும்பங்களின் பொருளுதவி, பிற்காலத்தில் தாயகத்து அரசியலுக்கு உரமாயிற்று.

1870இல் ஐசக் பட் என்னும் வழக்கறிஞர் தொடங்கிய தன்னாட்சி இயக்கம் தனி நாடு கேட்கவில்லை. முடியாட்சிக்கு உட்பட்டு, உள்நாட்டுக் காரியங்களைக் கவனிக்க டப்ளினில் ஒரு மன்றம், அவ்வளவே. 1885 தேர்தலில் பார்னல் தலைமையில் அக்கட்சி 86 இடங்களை வென்றது. லிபரல் கட்சிக்கும் கன்சர்வேடிவ் கட்சிக்கும் இடையேயிருந்த வேறுபாடும் 86 இடங்களே! தராசின் முள் பார்னல் கைக்கு வந்தது. எனவே, லிபரல் தலைவர் கிளாட்ஸ்டன் தன்னாட்சியை ஆதரித்தபோது, அது கொள்கையன்று, பதவிக்கான பேரம் என்று எதிரிகள் தூற்றினர்.

மசோதாவை வரைவதும் எளிதாயில்லை. டப்ளினில் மன்றம் அமைந்தபின், அயர்லாந்து உறுப்பினர்கள் இலண்டனில் அமரலாமா? அமர்ந்தால், தம் காரியங்களைத் தாமே கவனித்துக்கொண்டு இங்கிலாந்தின் காரியங்களிலும் வாக்களிப்பர். அமராவிடில், பிரதிநிதிகள் இன்றியே பேரரசுக்கு வரி செலுத்துவர். 1886இல் அவர்களை விலக்கியும் 1893இல் சேர்த்தும் பார்த்தார் கிளாட்ஸ்டன். முதல் மசோதா 341க்கு 311 என்ற வாக்குகளில் வீழ்ந்தது. அவருடைய கட்சியினர் 93 பேரே எதிர்த்து வாக்களித்தனர். இரண்டாவது மசோதா காமன்ஸ் சபையில் வென்றும், பிரபுக்கள் சபையில் 419க்கு 41 என்ற கணக்கில் மடிந்தது. அயர்லாந்துக்கு இசைந்தால் பேரரசே கட்டவிழும் என்று அஞ்சியோர் பலர்.

இவற்றினும் பெரிய தடை அயர்லாந்துக்குள்ளேயே இருந்தது. வடகிழக்கில் அல்ஸ்டர்ப் பகுதியில் புராட்டஸ்டண்டுகள் மிகுதி. பெல்பாஸ்டின் கப்பல் கட்டும் தொழிலும் லினன் நெசவும் பிரிட்டிஷ் சந்தையை நம்பியிருந்தன. டப்ளின் ஆட்சியில் தம் சமயமும் தொழிலும் நலியும் என்று அவர்கள் அஞ்சினர். ஈண்டுதான் சிக்கலின் வேர் உள்ளது. அயர்லாந்தில் தன்னாட்சி கோரியோர் பெரும்பான்மையர். ஐக்கிய இராச்சியம் முழுவதையும் நோக்கின் அவர்களே சிறுபான்மையர். அல்ஸ்டர்ப் புராட்டஸ்டண்டுகள் தம் பகுதியில் பெரும்பான்மையர்; அயர்லாந்து முழுவதிலும் சிறுபான்மையர். பெரும்பான்மை என்னும் நெறியை எல்லோரும் ஏற்றனர். எந்த எல்லைக்குள் எண்ணுவது என்பதில்தான் பிணக்கு.

1911இல் பிரபுக்கள் சபையின் தடுப்பதிகாரம் குறைக்கப்பட்டது. மறு ஆண்டே மூன்றாவது மசோதா வந்தது. 1912 செப்டம்பர் 28 அன்று அல்ஸ்டர் மக்கள் இலட்சக்கணக்கில் எதிர்ப்பு உறுதிமொழியில் கையொப்பமிட்டனர். 1913இல் அங்குத் தொண்டர் படை எழுந்தது. தெற்கிலும் எதிர்ப்படை எழுந்தது. 1914 ஜூலையில் அரண்மனையில் கூடிய மாநாடு, பெர்மனா, டைரோன் ஆகிய இரு மாவட்டங்கள் எப்பக்கம் என்பதில் முறிந்தது. செப்டம்பரில் சட்டம் நிறைவேறிற்று. போரைக் காரணங்காட்டி உடனே நிறுத்தியும் வைக்கப்பட்டது.

இத்தாமதத்திற்கு விலை கொடுத்தவர், சட்டநெறியையே நம்பிய மிதவாதத் தலைவர் ஜான் ரெட்மண்ட். 1916 ஏப்ரலில் டப்ளினில் கிளர்ச்சி வெடித்தது. மே மாதத்தில் 15 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதும் மக்கள் மனம் மாறியது. அவ்வாண்டே லாயிட் ஜார்ஜ், அல்ஸ்டரின் விலக்கு தற்காலிகமானது என்று ரெட்மண்டிடமும், நிலையானது என்று அல்ஸ்டர்த் தலைவர் கார்சனிடமும் நம்பும்படி பேசினார், உடன்பாடு குலைந்தது. 1918இல் ரெட்மண்ட் மறைந்தார். அவ்வாண்டு இறுதித் தேர்தலில் குடியரசு கோரிய சின் பெயின் கட்சி, அயர்லாந்தின் 105 இடங்களில் 73ஐ வென்றது. 1920ஆம் ஆண்டுச் சட்டம் இரு மன்றங்களைத் தந்தபோது, தெற்கே அதனை வேண்டுவார் அரியர். போருக்குப்பின் 1921 டிசம்பர் உடன்படிக்கையால் 26 மாவட்டங்கள் தனியரசாயின. ஆறு மாவட்டங்கள் பிரிட்டனோடு நின்றன.

1886இலேயே மசோதா நிறைவேறியிருப்பின் எல்லாம் நலமாய் முடிந்திருக்கும் எனக் கூறவியலாது. அல்ஸ்டரின் அச்சம் அன்றும் இருந்தது. ஆயின், மிதவாதிகள் செல்வாக்கோடு இருந்த நாளிலேயே அவ்வச்சத்தை நேர்நின்று பேசியிருக்கலாம். ஆணை சரியாயினும் உரிய நாளில் சேராவிடில் பயனில்லை என்பதை அரசு அலுவலில் இருப்போர் நன்கறிவர். பல்லாண்டுக் குருதி சிந்தியபின், 1998 மே 22 அன்று, வடக்கிலும் தெற்கிலும் ஒரே நாளில் மக்கள் கருத்துக் கேட்கப்பட்டது. இரு பகுதியினரும் உடன்பாட்டுக்கு இசைந்தனர். இரு பெரும்பான்மைகளையும் ஒருங்கே கேட்க வேண்டும் என்னும் எளிய உண்மையை உணர்வதற்கு நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.