ஈசாக்கின் விருந்து

கடந்த ஆண்டில் ஒருநாள், மாலைத் திருப்பலி முடிந்து பங்கு அலுவலகத்தில் நாம் அமர்ந்திருந்தபோது, பத்துமாதக் குழந்தையோடு இளந்தம்பதியர் இருவர் உள்ளே வந்தனர். அவர்களுக்குப் பின்னால், குழந்தையின் கொள்ளுப்பாட்டி கோலூன்றியபடி வந்து பெஞ்சில் அமர்ந்தார். முதல் பிறந்தநாளுக்கு நாள் குறிக்க வந்திருப்பதாகக் கூறிய தந்தை, மடித்து வைத்திருந்த தாள் ஒன்றை மேசைமேல் விரித்தார். திருமண மண்டபம், நானூறு பேருக்கு விருந்து, மூன்றடுக்குக் கேக், வீடியோ, வாயிலில் ஃபிளக்ஸ் பலகை என்று தாள் நிறைந்திருந்தது. அடியில் எழுதியிருந்த கூட்டுத்தொகையைக் கண்டு நாம் நிமிர்ந்ததும், "நகையை அடகு வச்சுச் சமாளிச்சுக்கலாம் ஃபாதர்" என்றார்.

அதுவரை வாய் திறவாதிருந்த பாட்டி பேசினார். "எங்க காலத்துல வருசம் திரும்புனா பிள்ளையக் கோயிலுக்குத் தூக்கிட்டு வருவோம் சாமி. ஒரு மெழுகுதிரி, கையளவு உப்பும் மிளகும். அம்புட்டுத்தான். எம்புள்ளைகள்ல ரெண்டுக்கு அதுவும் வாய்க்கல."

சற்று நேரம் எவரும் பேசவில்லை. அடுத்த ஞாயிறு வருமாறு சொல்லி அவர்களை அனுப்பினோம். ஆடம்பரத்தைக் கண்டித்து நாலு வார்த்தை சொல்வது பங்குத்தந்தைக்கு எளிது. ஆனால் பிறந்தநாள் கொண்டாட்டத்தைப்பற்றித் திருச்சபையின் நெடிய மரபு உண்மையில் என்ன நினைத்தது என்பதை அறியாமல் கண்டிப்பது நேர்மையன்று என்று தோன்றியது. அந்த வாரம் முழுவதும் பழைய நூல்களையே புரட்டினோம்.

முதலில் கிடைத்த செய்தி விழா வீட்டாருக்கு உவப்பானதன்று. திருநூலில் பிறந்தநாள் என்று பெயர் சொல்லிக் குறிக்கப்படும் விருந்துகள் மிகச் சில; கொண்டாடியவர்கள் அரசர்கள். தொடக்கநூல் 40-ஆம் அதிகாரத்தில் பார்வோனின் பிறந்தநாளன்று அப்பம் சுடுவோரின் தலைவன் தூக்கிலிடப்படுகிறான். மக்கபேயர் இரண்டாம் நூலில், அரசனின் பிறந்தநாள் கொண்டாட்டத்தில் பலியுணவை உண்ணுமாறு யூதர்கள் வற்புறுத்தப்படுகிறார்கள். ஏரோதின் பிறந்தநாளில் நடந்ததை நாமெல்லாரும் அறிவோம். திருமுழுக்கு யோவானின் தலை தட்டில் வந்தது. மூன்றாம் நூற்றாண்டின் மாபெரும் மறைநூல் அறிஞரான ஓரிஜன் லேவியர் நூலை விளக்கும்போது இவற்றைச் சுட்டிக்காட்டி, தான் பிறந்த நாளைக் கொண்டாடிய புனிதர் எவரும் இலர், பாவிகளே அதில் மகிழ்ந்தனர் என்று வாதிடுகிறார். யோபுவும் எரேமியாவும் தாம் பிறந்த நாளைச் சபித்ததையும் சான்றாக வைக்கிறார். துயரத்தின் உச்சியில் இருவர் கதறியதைக் கோட்பாடாக மாற்றுவது சற்று மிகையே என்பது நம் எண்ணம்.

எனினும் ஓரிஜனின் காலத்தை மறந்துவிடலாகாது. உரோமையர் பிறந்தநாளில் தத்தம் காவல் தெய்வத்திற்குத் தூபமும் திராட்சை இரசமும் படைத்தனர். பேரரசரின் பிறந்தநாளோ அரசு விழாவாகவும் வழிபாடாகவும் இருந்தது. கிறிஸ்தவர்கள் ஒதுங்கி நின்றதற்குக் காரணம் போதுமானது. பிறப்பு என்ற சொல்லையே அவர்கள் வேறு இடத்திற்கு மாற்றிக்கொண்டனர். சுமார் 155-ஆம் ஆண்டளவில் ஸ்மிர்னா நகரில் எரியூட்டிக் கொல்லப்பட்ட ஆயர் பொலிக்கார்ப்பின் எலும்புகளைச் சேகரித்த மக்கள், ஆண்டுதோறும் அவருடைய சாவின் நாளை அவரது பிறந்தநாளாகக் கொண்டாடப் போவதாக எழுதி வைத்தனர். இன்றும் புனிதர்களின் விழாக்கள் பெரும்பாலும் அவர்கள் இறந்த நாள்களிலேயே வருகின்றன. மண்ணுலகப் பிறப்புக்கென்று பொது நாள்காட்டியில் விழா பெற்றவர்கள் மூவரே: டிசம்பர் 25-இல் ஆண்டவர், செப்டம்பர் 8-இல் அன்னை மரியா, ஜூன் 24-இல் திருமுழுக்கு யோவான்.

ஆனால் உரோமையரின் பிறந்தநாள்கள் யாவும் சிலை வழிபாடு மட்டும்தானா? இங்கிலாந்தின் வட எல்லையில் விண்டோலாண்டா என்னும் பழைய படைமுகாமில் கண்டெடுக்கப்பட்ட மரச்சீவல் மடல் ஒன்று பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சுமார் 100-ஆம் ஆண்டளவில் கிளாவுதியா செவேரா என்ற படைத்தலைவரின் மனைவி, செப்டம்பர் 11-இல் தம் பிறந்தநாளுக்கு வருமாறு இலெப்பிதினா என்ற தோழியை அழைத்த மடல் அது. நீ வந்தால்தான் அந்நாள் எனக்கு இனிக்கும் என்பது அதன் கருத்து. எழுத்தர் எழுதிய மடலின் கடைசியில் செவேரா தம் கையாலேயே சில சொற்களைச் சேர்த்திருக்கிறார். இலத்தீனில் ஒரு பெண்ணின் கைப்பட நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய எழுத்துகளில் அதுவும் ஒன்று. தொலைதூரக் காவல்முகாமில் தனிமையில் வாழ்ந்த ஒரு பெண்ணின் அழைப்பில் குற்றம் காண நமக்கு மனம் வரவில்லை.

ஓரிஜனின் கூற்றுக்கு விதிவிலக்காக, பின்னாளில் புனிதரான ஒருவரே தம் பிறந்தநாளில் விருந்து வைத்திருக்கிறார். அவர் அகுஸ்தினார். மனம் திரும்பி, இன்னும் திருமுழுக்குப் பெறாத காலம் அது. மிலானுக்கு அருகில் கசிசியாக்கும் என்ற ஊரில் நண்பர் ஒருவரின் பண்ணைவீட்டில் தங்கியிருந்தார். 386-ஆம் ஆண்டு நவம்பர் 13-ஆம் நாள் அவருக்கு 32 வயது நிறைந்தது. விருந்தினர் யார்? தாய் மோனிக்கா, உடன்பிறந்தவர், மகன் அதெயோதாத்துஸ், உறவினர் இருவர், மாணவர் இருவர். உணவைப்பற்றி அவரே எழுதியிருக்கிறார்: அறிவின் ஓட்டத்தைத் தடுக்காத அளவு எளியது. உண்டபின் அனைவரும் குளியலறையில் கூடி அமர்ந்து, உண்மையான பேரின்ப வாழ்வு எது என்று உரையாடத் தொடங்கினர். உரையாடல் மூன்று நாள் நீண்டது. மூன்றாம் நாள் வானம் தெளிந்ததால் புல்வெளிக்கு இறங்கினர். படித்த இளைஞர்கள் தடுமாறிய இடங்களில், பள்ளி சென்று தத்துவம் பயிலாத மோனிக்காவே விடை சொன்னார். இறுதியில் அம்புரோசியாரின் பாடல் ஒன்றை நினைவுகூர்ந்து உரையாடலை முடித்து வைத்தவரும் அந்தத் தாயே. அடுத்த ஆண்டிலேயே மோனிக்கா இறந்தார். அதன்பின் சில ஆண்டுகளுக்குள், பதின்பருவம் கடக்குமுன்னரே அந்த மகனும் இறந்தான். அன்று பந்தியில் இருந்தவர்கள் அதை அறியார்.

இத்தனையும் வயது வந்தோரின் பிறந்தநாள்கள். கைக்குழந்தைக்கு விருந்து வைத்த செய்தி எங்கேனும் உண்டா என்று தேடியபோது, தொடக்கநூலின் 21-ஆம் அதிகாரம் கண்ணில் பட்டது. ஈசாக்கு பால்குடி மறந்த நாளில் ஆபிரகாம் பெரியதொரு விருந்து அளித்தார். அக்காலத்துத் தாய்மார் நெடுங்காலம் பாலூட்டினர். மக்கபேயர் நூலின் தாய் மூன்றாண்டுகள் பாலூட்டியதாகச் சொல்கிறாள். பால் மறக்கும் வரை ஒரு குழந்தை உயிரோடு இருப்பதே வியப்பாயிருந்த உலகம் அது. பெருமைக்காக வைத்த விருந்தன்று; பிழைத்ததற்காக வைத்த விருந்து. ஆண்டுநிறைவு விழாவின் வேரும் இங்கேதான் இருக்கிறது. சீனத்தில் ஆறாம் நூற்றாண்டிலேயே, ஓராண்டு நிறைந்த குழந்தைக்குப் புத்தாடை உடுத்தி, அதன்முன் எழுதுகோல், வில், ஊசிநூல் போன்றவற்றைப் பரப்பி எதை எடுக்கிறது என்று பார்த்தார்கள். கொரியரிடத்தில் இன்றும் அவ்வழக்கம் உண்டு. குழந்தை நூலை எடுத்தால் நீண்ட ஆயுள் என்பார்கள். நம் பிள்ளைத்தமிழும் காப்புப் பருவத்தில்தான் தொடங்குகிறது. குழந்தையைக் காக்குமாறு தெய்வங்களை வேண்டிய பிறகே அதன் விளையாட்டுகளைப் பாடப் புகுகிறான் புலவன்.

திருச்சபையும் இந்த அச்சத்தை அறிந்திருந்தது. 1439-இல் புளோரன்சு பொதுச்சங்கம், ஆபத்து வேளையில் பெண்ணானாலும் பிற சமயத்தவரானாலும் யாரும் திருமுழுக்கு அளிக்கலாம் என்று உறுதிசெய்தது. 1614-ஆம் ஆண்டின் உரோமைச் சடங்குமுறை நூல், திருமுழுக்கு அளிக்கும் முறையை மருத்துவச்சிகளுக்குக் கற்பிப்பது பங்குத்தந்தையின் கடமை என்கிறது. அதே நூலில் குழந்தைகளின் அடக்கச் சடங்கும் உள்ளது. குழந்தையின் தலையில் மலர்முடி சூட்ட வேண்டும். குரு வெண்ணிறத் தோள்துகில் அணிய வேண்டும். மணி அடித்தால் துயர ஒலியாக அல்லாமல் விழா ஒலியாகவே அடிக்க வேண்டும். குருமடத்தில் இதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தோம். அந்த வெண்ணிறத்தின் பின்னால் எத்தனை தாய்மாரின் அழுகை இருந்தது என்பது அன்று உறைக்கவில்லை.

நமது பங்கின் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளில் அது தெரிகிறது. சில வரிகளின் ஓரத்தில் சிறிய சிலுவைக் குறி. சில பக்கங்கள் தள்ளி அதே தாய் தந்தையருக்கு மற்றொரு குழந்தை, முன்னதன் பெயரோடேயே. 1971-இல்கூட இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 முதல் பிறந்தநாளைக் காணவில்லை. அந்த ஆண்டில்தான் வங்காள எல்லையில் பொங்கான் அகதிமுகாமில், வாந்திபேதியால் மடிந்துகொண்டிருந்தவர்களுக்கு உப்பும் சர்க்கரையும் கரைத்த நீரைக் கொடுத்து மருத்துவர் திலீப் மகலனாபிஸ் பல உயிர்களைக் காத்தார். 1985-இல் அனைவருக்குமான தடுப்பூசித் திட்டம் வந்தது. 2020-இன் கணக்கில் அந்த 129 என்பது 28 ஆயிற்று, தமிழ்நாட்டில் 13. முதல் ஆண்டு விழாவின் பழைய காரணம் நம் கண்முன்னேயே மறைந்துகொண்டிருக்கிறது. கேக்கும் மெழுகுதிரியும் மட்டும் எஞ்சுகின்றன.

அவற்றையும் நாம் வெறுக்கவில்லை. 1746-இல் ஜெர்மனியில் சின்சென்டார்ஃப் பிரபுவின் பிறந்தநாளுக்கு, அடுப்பு கொள்ளுமளவு பெரிய கேக் செய்து வயதுக்கு ஒன்றாக மெழுகுதிரி செருகியதாக ஒரு குறிப்பு உண்டு. அவரது மொராவியச் சபையோடு சிலகாலம் வாழ்ந்து, மனம் கசந்து பிரிந்த ஒருவர் குறை கூறுவதற்காக எழுதிய குறிப்பு அது! அச்சபையார் 1760-இல் நம் தரங்கம்பாடிக்கும் வந்து குடியேறினர். கேக்கையும் கொண்டுவந்தார்களா என்பது வேறு கதை.

ஞாயிறன்று அத்தம்பதியர் பாட்டியோடு வந்தபோது இவற்றில் சிலவற்றைச் சொன்னோம். ஈசாக்கின் விருந்தை மறைக்காமல் முழுவதுமாகச் சொன்னோம். அந்த விருந்தின் தொடர்ச்சியாகத்தான் சாரா, பணிப்பெண் ஆகாரின் மகனைக் கண்டு பொறாது, அவனையும் தாயையும் துரத்தச் சொன்னாள். ஒரு குழந்தை பிழைத்ததைக் கொண்டாடிய வீட்டிலிருந்து மற்றொரு குழந்தை கொஞ்சம் அப்பத்தோடும் ஒரு தோற்பை தண்ணீரோடும் பாலைநிலத்திற்கு அனுப்பப்பட்டது. கடவுள் அவன் குரலையும் கேட்டார் என்றே திருநூல் சொல்கிறது.

இளந்தாய் தாளைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். அவர் வேலைக்குச் செல்லும்போது குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணின் பெயர் அதில் இருந்தது, பாத்திரம் கழுவுவோரின் வரிசையில். அப்பெண்ணுக்கும் இரண்டு வயதில் ஒரு மகன் இருக்கிறானாம். "அவங்களைக் கூப்பிடணும்னே தோணலை ஃபாதர்" என்றார் மெதுவாக. கணவர் பேனாவை எடுத்து அப்பெயரை அடித்துவிட்டு, மேலே விருந்தினர் வரிசையில் எழுதினார். பையனின் பெயர் அவருக்குத் தெரியவில்லை, மனைவியிடம் கேட்டு எழுதினார். மண்டபத்திற்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டதாம், திரும்பாது. அது இருக்கட்டும் என்றோம். நானூறு நூற்றிருபதானது. மூன்றடுக்குக் கேக் ஒரு கிலோ ஆயிற்று. வீடியோவை நீக்க மட்டும் அவருக்கு மனம் வரவில்லை. நகையைப்பற்றிப் பேச்சு எழவில்லை.

பிறகு பாட்டி, திருப்பலிக் கருத்தில் தம் இரு பிள்ளைகளின் பெயரையும் சேர்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார். ஆண்டு நினைவில்லை, ஒன்று புயல் வந்த வருசம், மற்றது அதற்குப் பிந்தியது என்றார். வயிற்றுப்போக்கில் போனது பெண் குழந்தை. 1960-களின் பதிவேட்டை எடுத்துப் பக்கம் பக்கமாகத் திருப்பினோம். நெடுநேரம் ஆயிற்று. அவருடைய கணவர் பெயர் இரண்டு இடங்களில் கிடைத்தது. இரண்டிலும் ஓரத்தில் சிலுவைக் குறி இருந்தது. பாட்டிக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. அந்த வரிகளின்மேல் விரலை வைத்து, எது எந்தப் பிள்ளை என்று கேட்டார். சொன்னோம். பேத்தியின் கையிலிருந்த குழந்தை தாவி அந்தப் பக்கத்தைப் பிடித்து இழுக்க, அது கிழியாமல் நாம் அவசரமாகக் காக்க வேண்டியதாயிற்று.