ஆர்கோ: வானில் உடைபட்ட கப்பல்

பொது அறிவுப் போட்டிகளில் விண்மீன் கூட்டங்களைப் பற்றி இரண்டு எண்கள் தவறாமல் வரும். தாலமி இரண்டாம் நூற்றாண்டில் பட்டியலிட்டவை 48. சர்வதேச வானியல் ஒன்றியம் இன்று ஏற்றுக்கொண்டிருப்பவை 88. தாலமியின் 48இல் இன்றைய பட்டியலில் இல்லாதது எது என்று கேட்டால்தான் பலரும் யோசிக்கத் தொடங்குவார்கள். ஓரியன், பெர்சியஸ், அந்த்ரோமிதா, ஹெர்க்குலிஸ் என்று 47 பெயர்களும் பத்திரமாக இருக்கின்றன. ஒன்றை மட்டும் காணோம். அது ஒரு கப்பல், பெயர் ஆர்கோ.

கிரேக்கப் புராணக் கதை இது. வீரன் ஜேசனின் தந்தையிடமிருந்து அரசைப் பறித்துக்கொண்ட பெலியாஸ், ஜேசனைத் தொலைத்துக்கட்ட ஒரு வழி கண்டான். கருங்கடலின் மறுகரையில் உள்ள கொல்கிஸ் நாட்டிலிருந்து பொன் ரோமம் கொண்ட ஆட்டுத்தோலைக் கொண்டு வா என்று அனுப்பினான். அந்தப் பயணத்துக்காகக் கட்டப்பட்டதுதான் இந்தக் கப்பல். கட்டிய தச்சன் ஆர்கஸ். மரம் பெலியோன் மலையிலிருந்து வந்தது. அதீனா தேவி டோடோனா தலத்தின் புனிதக் கருவாலி மரத்திலிருந்து ஒரு துண்டை எடுத்து அதில் பொருத்தினாள். அந்தக் கட்டை மனிதக் குரலில் பேசி, எச்சரிக்கவும் வழிகாட்டவும் செய்தது. ஹெர்க்குலிஸ், பாடகன் ஓர்ஃபியஸ், இரட்டையர் காஸ்டரும் போலக்ஸும் எல்லாம் துடுப்புப் பிடித்த கப்பல் அது.

கொல்கிஸ் கற்பனை நாடு அல்ல. இன்றைய ஜார்ஜியாவின் மேற்குப் பகுதி. அங்கே மலையாறுகள் அடித்து வரும் பொன் துகள்களை ஆட்டுத்தோல் விரித்துப் பிடிப்பார்கள் என்று பழைய புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார். பொன் ரோமக் கதை அங்கிருந்துதான் கிளைத்திருக்கும் என்று நம்பப் பிடிக்கிறது எனக்கு.

கருங்கடலின் வாயிலில் ஒன்றோடொன்று மோதும் இரண்டு பாறைகளுக்கு நடுவே ஆர்கோ புகுந்து வெளியேறியபோது, பின்முனை அலங்காரத்தின் நுனி மட்டும் நசுங்கிப் போனது. திரும்பி வந்தபின் கொரிந்து நிலச்சந்தியில் கப்பலைக் கடல் தெய்வம் பொசைடனுக்குக் காணிக்கையாக்கினார்கள். யூரிப்பிடிஸின் நாடகத்தில், தன்னைக் கைவிட்ட ஜேசனிடம் அவன் மனைவி மெடியா அவன் சாவை முன்கூட்டியே சொல்கிறாள்: ஆர்கோவின் மரத்துண்டு ஒன்று தலையில் விழுந்து மடிவாய் என்று. தன் தலைவனின் சாவுக்கும் காரணமான கப்பலைத்தான் தெய்வங்கள் வானில் ஏற்றி வைத்தன.

ஏற்றியதும் முழுதாக இல்லை. வானத்து ஆர்கோவுக்கு அணியம் கிடையாது. நடுமரம் வரைக்குமான பின்பாதிதான் உண்டு. நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ள ஃபர்னீஸ் அட்லஸ் சிலை தோளில் சுமக்கும் வான்கோளத்தில்கூட அந்தப் பாதிக் கப்பலே செதுக்கப்பட்டிருக்கிறது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டுக் கவிஞர் அராத்தஸ் இன்னொன்றையும் கவனித்தார். வானம் கிழக்கிலிருந்து மேற்கே சுழலும்போது இந்தக் கப்பல் பின்பக்கத்தை முன்னே வைத்து நகர்கிறது. துறைமுகத்துக்குள் நுழையும் மாலுமிகள் கப்பலைத் திருப்பிப் பின்பக்கமாகக் கரையேற்றுவது போல அவருக்குத் தோன்றியது. கடலோரத்தில் வாழ்ந்து பழகிய ஒருவரின் பார்வை அது.

அதன் சுக்கான் துடுப்பில் இருக்கும் நட்சத்திரம் கனோப்பஸ். இரவு வானில் சிரியஸுக்கு அடுத்த பிரகாசம் அதற்குத்தான். கிரேக்கர்கள் அந்தப் பெயரையும் ஒரு மாலுமியோடு சேர்த்தார்கள். டிராய் போருக்குப் போன மெனலாஸின் கப்பலை ஓட்டியவன் கனோப்பஸ். ஆனால் ஏதென்ஸிலிருந்து பார்த்தால் இது தெரியாது. அடிவானத்தைத் தாண்டி எழுவதே இல்லை. தெற்கே ரோட்ஸ் தீவில் அடிவானத்தை உரசிச் செல்லும். இன்னும் தெற்கே அலெக்சாண்ட்ரியாவில் சற்றே மேலே ஏறும். கிரேக்க அறிஞர் பொசிடோனியஸ் கி.மு. முதல் நூற்றாண்டில் இந்த வித்தியாசத்தை வட்டத்தின் 48இல் ஒரு பங்கு என்று எடுத்துக்கொண்டு, பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டார். ஒரு புராணக் கப்பலின் துடுப்பை வைத்து பூமியை அளந்திருக்கிறார்கள்.

நமக்கு அதே நட்சத்திரம் அகத்தியர். விந்தியத்தைத் தாண்டித் தெற்கே வந்தவர், கடலைக் குடித்தவர் என்று கதை சொல்லப்படும் முனிவரை, தெற்கு வானில் ஒளிரும் அந்த நட்சத்திரத்தோடு சேர்த்தார்கள் நம் முன்னோர். அரபியருக்கு அது சுஹைல். வானியலாளர் அல்-சூஃபி 964ஆம் ஆண்டளவில் எழுதிய நட்சத்திர நூலில் தாலமியின் கப்பலையும் படத்தோடு வரைந்தார். 1627இல் ஜெர்மானிய வழக்கறிஞர் ஜூலியஸ் ஷில்லர் வானத்தையே கிறிஸ்தவமாக்க முயன்று ஆர்கோவை நோவாவின் பேழையாக மாற்றினார்; அது நிலைக்கவில்லை.

கப்பலைப் பிரித்தவர் பிரெஞ்சு வானியலாளர் லக்காய். 1751, 1752 ஆண்டுகளில் நன்னம்பிக்கை முனையில் தங்கி, அரை அங்குல வாயுள்ள சின்னஞ்சிறு தொலைநோக்கியால் சுமார் 10,000 தென்வான நட்சத்திரங்களை அளந்து குறித்தார். தனி மனிதர் ஒருவர் செய்த அந்த உழைப்பை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. ஆர்கோவில் மட்டும் வெறும் கண்ணுக்குத் தெரியும் நட்சத்திரங்கள் 160க்கு மேல் இருப்பதைக் கண்டார். பெயரிட எழுத்துகள் போதவில்லை. எனவே கப்பலின் அடிக்கட்டை, பின்தளம், பாய் என்று மூன்று பகுதிகளாகப் பிரித்தார். கரைனா, பப்பிஸ், வீலா என்று இன்று நாம் சொல்பவை அவைதான். நடுமரம் இருந்த இடத்தருகே ஒரு காந்தத் திசைகாட்டியையும் தனிக் கூட்டமாக வைத்தார். ஜேசன் காலத்து மாலுமிகள் கண்டறியாத கருவி அது.

லக்காய் செய்தது குறிப்பதற்கு வசதியான பிரிவினை மட்டுமே. முழுக் கப்பலும் ஆர்கோ என்ற பெயரிலேயே இருந்தது. அதைத் தனித்தனியாக்கி முடித்தது 20ஆம் நூற்றாண்டு. 1922இல் சர்வதேச வானியல் ஒன்றியம் 88 கூட்டங்களின் பட்டியலை ஏற்றபோது ஆர்கோ என்ற பெயர் விழுந்தது. 1930இல் பெல்ஜியத்தின் டெல்போர்ட் எல்லைக் கோடுகளையும் வரைந்துவிட்டார்.

ஆனால் எழுத்துகள் காட்டிக்கொடுக்கின்றன. ஒரு கூட்டத்தின் முக்கிய நட்சத்திரங்களுக்கு ஆல்ஃபா, பீட்டா என்று கிரேக்க எழுத்துகள் சூட்டுவது வழக்கம். லக்காய் முழுக் கப்பலுக்கும் ஒரே வரிசையைத்தான் சூட்டியிருந்தார். பிரித்தபோது யாரும் அதை மாற்றவில்லை. ஆகவே ஆல்ஃபாவும் பீட்டாவும் கரைனாவில் இருக்கின்றன. வீலாவில் ஆல்ஃபாவும் இல்லை, பீட்டாவும் இல்லை. அதன் வரிசை காமாவில் தொடங்குகிறது. பப்பிஸின் பிரகாசமான நட்சத்திரம் ஸீட்டா. மூன்று வரைபடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்துகளை ஒன்று சேர்த்தால் அகரவரிசை நிரம்பி, பழைய கப்பல் திரும்பி வருகிறது. வான வரைபடத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். இந்த எழுத்துகளை யாரும் திருத்தாமல் விட்டது பெரிய நன்மை.

அடிக்கட்டையில் இருக்கும் ஈட்டா இன்னொரு அதிசயம். வானியலாளர் ஜான் ஹெர்ஷல் 1837 டிசம்பரில் நன்னம்பிக்கை முனையிலிருந்து பார்த்தபோது திடீரென்று பிரகாசமாகியிருந்தது. 1843இல் கனோப்பஸையே மிஞ்சி, சில காலம் இரவு வானின் இரண்டாவது பிரகாசமான நட்சத்திரமாக நின்றது. பிறகு மங்கி, கண்ணுக்கே தெரியாமல் போய், இப்போது மீண்டும் மெல்லத் தெரிகிறது. சுமார் 7,500 ஒளியாண்டு தொலைவில் பெரும் நிறை கொண்ட இரண்டு நட்சத்திரங்கள் அங்கே ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருக்கின்றன.

துடுப்பு இன்னும் ஓய்வு பெறவில்லை. விண்கலம் தன் நிலையைத் தெரிந்துகொள்ள சூரியன் ஒன்று மட்டும் போதாது. சூரியனிலிருந்து வேறு திசையில், விலகி நிற்கும் பிரகாசமான இரண்டாவது புள்ளி வேண்டும். கோள்களின் பாதையிலிருந்து வெகு தெற்கே நிற்கும் கனோப்பஸ் அதற்குப் பொருத்தமாக அமைந்தது. 1964 நவம்பரில் கிளம்பிய மரைனர் 4, முதலில் வேறு நட்சத்திரங்களைப் பிடித்துத் தடுமாறி, பிறகு கனோப்பஸைப் பிடித்தது. 1965 ஜூலையில் செவ்வாயை அருகிலிருந்து முதன்முதலாகப் படமெடுத்தது. வாயேஜர் கலங்களும் அதே நட்சத்திரத்தைப் பார்த்து நிலைகொண்டவை.

ஏதென்ஸ்காரர்களுக்குக் கிடைக்காத முழுக் காட்சி தமிழ்நாட்டில் கிடைக்கும். மார்ச் மாத நடுவில் இரவு ஒன்பது மணிக்கு, விளக்கொளி குறைந்த இடத்தில் தெற்கே திரும்பி நின்றால் போதும். தென்மேற்கில் அகத்தியர். நேர் தெற்கே நான்கு நட்சத்திரங்கள் சிலுவையாக நிற்கும். மாலுமிகள் இதைத் தென்சிலுவை என்று நினைத்து ஏமாந்ததால் பொய்ச்சிலுவை என்று பெயர். உண்மையான தென்சிலுவை அப்போதுதான் தென்கிழக்கில் எழத் தொடங்கியிருக்கும். பொய்ச்சிலுவையின் நான்கில் இரண்டு கரைனாவைச் சேர்ந்தவை, இரண்டு வீலாவைச் சேர்ந்தவை. அடிக்கட்டைக்கும் பாய்க்கும் நடுவே 1930இல் போட்ட கோடு அதன் குறுக்கேதான் போகிறது.