ஒரே பாசி, இரண்டு ஆழங்கள்

குளிர்காலத்தில் ஏரிகள் உறங்குகின்றன என்று ஏரியியலாளர்கள் நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். அதை நம்பிக்கை என்பதைவிட வசதி என்றே சொல்வேன். உறைந்த ஏரியில் படகு போகாது, கருவிகள் உறையும், விரல்கள் விறைக்கும். ஆகவே மாதிரி எடுப்பது வசந்தத்தில்தான் தொடங்கும். நூறு ஏரிகளுக்கு மேல் தரவு திரட்டி 2017இல் வெளியான ஓர் ஆய்வு இந்த எண்ணத்தை அசைத்தது. பனிக்கட்டிக்கு அடியில் இருக்கும் பச்சையம், சராசரியாகக் கோடை அளவில் 43 விழுக்காடு இருந்தது.

சராசரிக்குள் அடங்காத ஏரிகளும் உண்டு. சைபீரியாவின் பைக்கால் ஒன்று. அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் இடையிலுள்ள ஈரி மற்றொன்று. இரண்டிலும் பனிக்கட்டிக்கு அடியில் பாசி பெருக்கெடுக்கிறது. செய்வதும் ஒரே பேரினம்தான்: ஔலகோசீரா என்னும் டயாட்டம். சிலிக்கா ஓட்டுக்குள் வாழும் ஒற்றைச் செல் உயிர். உருளை வடிவச் செல்கள் முனையோடு முனை சேர்ந்து, கோத்த பாசிமணிபோல் நீண்ட சரங்களாகின்றன. பைக்காலில் இருப்பது அந்த ஏரிக்கே உரிய சிற்றினம்; ஈரியில் இருப்பது வேறு பல வட நாட்டு ஏரிகளிலும் காணப்படுவது.

ஓடு கனமானது, அதனால் டயாட்டம் மூழ்கும். மூழ்கினால் வெளிச்சம் கிடைக்காது. பனிக்கட்டி மூடிவிட்டால் நீரைக் கலக்கக் காற்றும் இல்லை. பிறகு எப்படி மேலே நிற்கிறது? இங்கேதான் இரு ஏரிகளும் பிரிகின்றன.

பைக்காலின் பனிக்கட்டி ஒரு மீட்டர்வரை தடித்தாலும் தெளிவானது. காற்று பனித்தூளை அடித்துக்கொண்டு போய்விடுகிறது. வெயில் ஊடுருவி அடியிலுள்ள நீரைச் சற்றே சூடாக்குகிறது. நீர் 4 டிகிரியில்தான் மிக அடர்த்தி. அதற்குக் கீழான குளிரில் சூடேறும் நீர் கனத்து இறங்கும். இறங்கும் நீருக்கு ஈடாகக் கீழ்நீர் ஏறும். இந்தச் சுழற்சியில் சரங்கள் மிதந்தபடி வளர்கின்றன. ஆகவே பைக்கால் டயாட்டத்துக்குப் பகை பனிக்கட்டியல்ல, அதன்மேல் தங்கும் பனித்தூள். சில ஆண்டுகளில் பெருக்கம் அபாரமாக இருக்கும், வேறு சிலவற்றில் பெயரளவுக்கே.

ஈரியின் பனிக்கட்டியோ காற்றில் உடைந்து, நகர்ந்து, மறுபடி ஒட்டிக்கொள்வது. அதன்மேல் நடந்துபோய்த் துளையிடுவது உயிரோடு விளையாடுவது. 2007 முதல் கனடாக் கடலோரக் காவற்படையின் பனி உடைப்புக் கப்பலான கிரிஃபனில் ஏறிப்போன ஆய்வாளர்கள், பனிக்கட்டியோடு சேர்ந்தும் அதன் அடியிலும் சரங்கள் அடர்ந்திருப்பதைக் கண்டார்கள். கப்பல் உடைத்துத் தள்ளிய பாளங்களிலேயே பழுப்பு நிறம் தெரிந்தது. சரங்களோடு வாழும் பாக்டீரியாக்கள் பனிக்கட்டி உருவாவதைத் தூண்டவல்லவை என்று பின்னர் ஆய்வகச் சோதனைகள் காட்டின. தனக்கான தளத்தைத் தானே உறையவைத்துக்கொள்ளும் பாசி என்றால், மிகையாகச் சொல்கிறேனோ என்று எனக்கே தோன்றுகிறது. ஆனால் அந்த ஆய்வு சுட்டும் திசை அதுதான்.

பைக்காலை அறிந்த விதம் முற்றிலும் வேறு. 1945இல் மிகயீல் கோஷொவ் என்ற உயிரியலாளர், போல்ஷியே கோத்தி கிராமத்துக்கு எதிரே கரையிலிருந்து இரண்டரைக் கிலோமீட்டருக்குச் சற்று அப்பால் ஒரே இடத்தில், ஏழு முதல் பத்து நாளுக்கு ஒருமுறை நீர் எடுக்கத் தொடங்கினார். அவருக்குப் பின் மகள் ஓல்கா, அவருக்குப் பின் பேத்தி லியுபோவ். மூன்று தலைமுறை எடுத்த மாதிரி. அதனால் பைக்காலில் ஒரு நல்ல ஆண்டையும் மோசமான ஆண்டையும் பிரித்துச் சொல்ல முடிகிறது. ஈரியின் குளிர்காலத்துக்கு அந்த நீளமான பதிவு இல்லை.

மிகப் பெரிய வேறுபாடு பாசி செத்த பிறகு வருகிறது. பைக்காலின் ஆழம் 1,642 மீட்டர். அடிவரை உயிர்வளி உண்டு. மூழ்கும் சரங்களில் ஒரு பங்கு அழுகினாலும் அந்த நீர்ப்பரப்புக்கு அது பொருட்டல்ல. மிஞ்சும் ஓடுகள் வண்டலாகின்றன. வெப்பமான காலங்களில் அடர்ந்தும் பனியூழிகளில் அருகியும் படிந்த அந்த அடுக்குகளிலிருந்தே பல இலட்சம் ஆண்டுக் காலநிலையை வாசிக்கிறார்கள். ஈரியின் சராசரி ஆழம் 19 மீட்டர். நடுப்படுகையில் கோடை வந்ததும் மேலே வெதுநீர், அடியில் மெல்லிய குளிர்நீர்ப் படலம் என்று பிரிந்துவிடும். குளிர்காலப் பாசி அந்தப் படலத்தின் அடியில் கிடந்து அழுகி, அதிலுள்ள உயிர்வளியைத் தின்கிறது. மீனுக்கு மூச்சு முட்டும் அந்தக் கோடைக்கு வெயில்காலப் பாசியையே நெடுநாள் குற்றம்சாட்டினார்கள். பிப்ரவரிக்கும் பங்குண்டு என்று ஏற்கத் தொடங்கியது அண்மையில்தான்.

பனிக்கட்டி குறைந்தால் ஈரிக்கு நல்லது என்று இதிலிருந்து முடிவுகட்டத் தோன்றும். 2012இல் ஈரி ஏறக்குறைய உறையவே இல்லை. வெளிச்சம் கூடியிருக்க வேண்டும், நடந்தது வேறு. மூடியில்லாத ஆழமற்ற நீரைக் குளிர்காலக் காற்று கலக்கி, சேற்றை எழுப்பி, நீரை மங்கலாக்கியது. நீண்ட சரங்கள் பின்வாங்க, சிறிய டயாட்டங்கள் முன்வந்தன. பைக்காலின் ஆழத்தில் எந்தக் காற்றாலும் சேற்றைக் கிளற முடியாது. அங்கே கோஷொவ் குடும்பத்தின் பதிவுகள் காட்டுவது வேறொன்று: 1946 முதல் மேல்நீர் 1.2 டிகிரி சூடேறியிருக்கிறது. வெதுநீரை விரும்பும் நீர்த்தெள்ளுகள் பெருகுகின்றன. குளிர்நீர்ப் பாசியைத் தின்று வாழும் எபிசுரா என்ற உள்ளூர் ஓட்டுயிரி, இனி அவற்றோடு இடத்துக்குப் போட்டியிட வேண்டும்.