பாக்கூர் பிளேக் கொலை வழக்கு

பாக்கூர் பிளேக் கொலை வழக்கு என்பது, இன்றைய ஜார்க்கண்ட் மாநிலத்திலுள்ள பாக்கூர் ஜமீனின் வாரிசுகளுள் ஒருவரான அமரேந்திர சந்திர பாண்டே 1933-இல் பிளேக் எனும் கொள்ளைநோய்க் கிருமி செலுத்தப்பட்டுக் கொல்லப்பட்ட வழக்காகும். நெப்போலியனின் சாவுக்கு ஆர்சனிக் நஞ்சும், ஸ்டாலினின் சாவுக்கு இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தும் காரணமாகலாம் எனப் பிற்காலத்தார் முன்வைத்த கருத்துகள் இன்றும் ஊகங்களாகவே நிற்க, இவ்வழக்கில் மருத்துவ ஐயம் நீதிமன்றம் ஏற்ற சான்றாக உயர்ந்தது.

சொத்துத் தகராறில் பகை கொண்டிருந்த மாற்றாந்தாய் வழி அண்ணன் பினயேந்திரர், 1932-இல் தேவ்கரில் மூக்குக்கண்ணாடி ஒன்றை அமரேந்திரரின் மூக்கில் அழுத்தி மாட்டியதைத் தொடர்ந்து அவருக்கு இரணஜன்னி கண்டது. மாற்று மருந்தால் அவர் பிழைத்தார்.

அடுத்த கொலை முயற்சிக்கான பிளேக் கிருமியைப் பெறப் பம்பாய் தேவைப்பட்டது. 1896-இல் அந்நகரைத் தாக்கிய பிளேக், 1897-இல் நுண்ணுயிரியலாளர் ஹாஃப்கின் அங்கே தடுப்பூசி உருவாக்கக் காரணமாயிற்று. உயிர்காக்க வளர்க்கப்பட்ட அக்கிருமியையே பினயேந்திரரின் கூட்டாளியான மருத்துவர் தாராநாத் பட்டாச்சார்யா நாடினார் என்பது மருத்துவ அறத்துக்கு நேர்ந்த பெரும் இழுக்கு. பரேலிலுள்ள ஹாஃப்கின் நிறுவனம் உரிய அனுமதியின்றிக் கிருமியைத் தர மறுத்துவிட, 1933 ஜூலையில் அவர் ஆர்தர் சாலைத் தொற்றுநோய் மருத்துவமனையில், மருந்து ஆராய்ச்சி என்ற பெயரில் இடம்பெற்று, எலிகளின்மீது கிருமியின் வீரியத்தைச் சோதித்தார்.

1933 நவம்பர் 26 அன்று ஹவுரா ரயில் நிலையத்தில் ஒருவன் உரசிச் செல்ல, அமரேந்திரரின் கையில் ஊசி குத்தியது போன்ற வலி எழுந்தது; சில நாளில் காய்ச்சல் கண்டு, டிசம்பர் 4 அன்று அவர் இறந்தார். உயிரோடிருக்கையில் எடுத்த இரத்தத்தை ஆய்வுக்கூடத்தில் வளர்த்துப் பார்த்தபோது பிளேக் கிருமி தென்பட்டது. குத்தியதற்கும் நோய் கண்டதற்கும் இடைப்பட்ட நாள்கள், கிருமி உடலுக்குள் பெருகத் தேவைப்படும் காலத்தோடு பொருந்தின. கல்கத்தாவிலோ அப்போது பிளேக் பரவியிருக்கவில்லை. அந்த இரத்தத்தை எடுக்காதிருந்தால் இதுவும் இயல்பான நோய்ச்சாவாகவே முடிந்திருக்கும்.

பினயேந்திரருக்கும் தாராநாத்துக்கும் விதிக்கப்பட்ட தூக்குத்தண்டனையைக் கல்கத்தா உயர்நீதிமன்றம் 1936-இல் ஆயுட்காலத் தீவாந்தர தண்டனையாகக் குறைத்தது. ஊசி குத்தியவன் கண்டுபிடிக்கப்படவில்லை.