ஊற்றிக் கொடுத்தவர் பொறுப்பு

மும்பையில் முப்பது வருஷத்துக்கும் மேலாக வாகன இன்ஷூரன்ஸ் நஷ்டஈட்டு வழக்குகளோடு காலம் தள்ளியவன் நான். மலர்க் குழுவினர் "உங்க துறையை ஒட்டியே ஒரு சரித்திரக் கட்டுரை கொடுங்களேன்" என்று கேட்டதும் எனக்கு நினைவுக்கு வந்தது இந்த விஷயம்தான்.

குடித்துவிட்டு வண்டி ஓட்டிய ஒருவன் யார் மேலாவது மோதிவிட்டால், நம் நாட்டு டிரிப்யூனலில் எதிர்த்தரப்பில் நிற்பவர்கள் மூன்று பேர். ஓட்டியவர், வண்டியின் சொந்தக்காரர், இன்ஷூரன்ஸ் கம்பெனி. சரி, அவனுக்கு ஊற்றிக் கொடுத்த பார்? பில் தொகையைக் கல்லாவில் போட்டதோடு அதன் கதை முடிந்தது. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் அப்படி இல்லை. அங்கே நாலாவது ஆளாக பாரையும் கோர்ட்டுக்கு இழுக்கலாம். இது மோட்டார் கார் வந்த பிறகு வந்த சட்டம் என்றுதான் பலரும் நினைப்பார்கள். இல்லை. குதிரை வண்டிக் காலத்துச் சட்டம். அது ரோட்டு விபத்துக்காகப் பிறந்ததும் அல்ல. அடுப்பெரியாத வீடுகளுக்காகப் பிறந்தது.

முதலில் பெயரைப் பார்த்துவிடலாம். இதற்கு 'டிராம் ஷாப்' சட்டம் என்று பெயர். டிராம் வண்டிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. டிராம் என்பது பழைய ஆங்கிலேய அளவை, மிகச் சிறியது. பீப்பாய்க் கணக்கில் விற்காமல், சில்லறையாகக் கொஞ்சம் கொஞ்சம் ஊற்றி விற்கும் கடை டிராம் ஷாப். அமெரிக்காவில் இதையே சலூன் என்றார்கள். சலூன் என்றால் நமக்கு முடிவெட்டும் கடை! இந்தக் கட்டுரையில் வரும் சலூனுக்குள் கத்தரிக்கோலைத் தேட வேண்டாம்.

இங்கிலாந்திலிருந்து வந்த பொதுச் சட்டத்தின்படி சாராயம் விற்றவனுக்குப் பொறுப்பே கிடையாது. நீதிபதிகள் சொன்ன நியாயம் இது: விற்றதால் தீங்கு வரவில்லை, குடித்ததால்தான் வந்தது, குடித்தது அவனவன் இஷ்டம். கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் தள்ளாடுகிறவன் கையில் இன்னொரு கிளாஸைக் கொடுக்கும்போது அதில் 'அவன் இஷ்டம்' எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று எந்த நீதிபதியும் கேட்கவில்லை.

முதலில் கேட்டவற்றில் ஒன்று விஸ்கான்சின் மாநிலம். 1849-இல் அங்கே வந்த சட்டப்படி, மது விற்க வேண்டுமானால் ஆயிரம் டாலருக்குப் பிணைப் பத்திரம் கொடுக்க வேண்டும். குடியால் யார் குடும்பமாவது நடுத்தெருவுக்கு வந்தால் விற்றவர் செலவு கொடுக்க வேண்டும். கடைக்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். 1851-லேயே சட்டம் ரத்தானது. ஆனால் எண்ணம் பரவிவிட்டது. ஒஹையோ, இண்டியானா, நியூயார்க் என்று வரிசையாக வந்தாலும், எல்லோரும் எடுத்துக்காட்டுவது இல்லினாயின் 1872-ஆம் ஆண்டுச் சட்டத்தை.

அதில் யார் யார் வழக்குப் போடலாம் என்று பாருங்கள். மனைவி, கணவன், பிள்ளை, பெற்றோர், காப்பாளர், வேலை கொடுத்தவர், இப்படி யார் வேண்டுமானாலும். உடம்புக்கு, சொத்துக்கு மட்டுமல்ல, 'ஜீவனாதாரத்துக்கு' வந்த கேட்டுக்கும் நஷ்டஈடு உண்டு. புருஷன் கூலியைக் குடித்துத் தீர்த்துவிட்டு வேலைக்கும் போகாமல் கிடந்தால் அதுவே வழக்கு. விபத்து எதுவும் நடந்திருக்க வேண்டியதில்லை. தெரிந்தே கடைக்கு இடம் விட்ட கட்டடச் சொந்தக்காரரையும் விடவில்லை. வேறு சில மாநிலங்களில், "என் வீட்டுக்காரருக்கு இனி விற்காதே" என்று மனைவி முன்கூட்டியே நோட்டீஸ் கொடுக்கவும் வழி இருந்தது.

இதன் கனம் புரிய வேண்டுமானால் அக்காலப் பெண்களின் நிலை தெரிய வேண்டும். பழைய சட்டத்தில் கல்யாணமான பெண்ணுக்குத் தனி ஆள் என்ற அந்தஸ்தே இல்லை. தன் பெயரில் வழக்குப் போட முடியாது, சம்பாதித்தால் அதுவும் கணவனுக்கே. பெரும்பாலான இடங்களில் ஓட்டும் கிடையாது. அப்படிப்பட்டவளுக்குத் தன் பெயரிலேயே சலூன்காரனைக் கோர்ட்டில் நிறுத்தும் உரிமையை இந்தச் சட்டங்கள் கொடுத்தன.

எனக்கு மிகவும் பிடித்த பாத்திரம் எலைசா ஸ்டூவர்ட் அம்மையார். உள்நாட்டுப் போரில் சிப்பாய்களுக்கு உதவிப் பொருள் திரட்டி அனுப்பியதால் 'மதர் ஸ்டூவர்ட்' என்று பெயர் வாங்கியவர். 1872 தொடக்கத்தில் ஒஹையோவின் ஸ்பிரிங்ஃபீல்டு ஊரில் ஒரு குடிகாரரின் மனைவி, அந்த மாநிலத்தின் அடேர் சட்டப்படி சலூன்காரர் மேல் வழக்குப் போட்டிருந்தார். வேடிக்கை பார்க்கப் போன ஸ்டூவர்ட்டை, அந்தப் பெண்ணின் வக்கீல் ஜூரியிடம் பேசச் சொன்னார். வக்கீல் படிப்பு ஏதும் இல்லாத அம்மா எழுந்து பேசினார். வழக்கு ஜெயித்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில் அதே மாநிலத்தின் ஹில்ஸ்பரோவில் பெண்கள் கூட்டமாகப் போய் சலூன் வாசலில் மண்டியிட்டுப் பிரார்த்தனை செய்யத் தொடங்கினார்கள். 1874-இல் கிளீவ்லாந்தில் மகளிர் மதுவிலக்குச் சங்கம் உருவானது. அதன் பிறகு காற்று திசை மாறிவிட்டது. கடைக்காரனைப் பணம் கட்ட வைப்பதை விட்டுவிட்டு, கடையையே மூடு என்றார்கள். 1920-இல் நாடு முழுதும் மூடியே விட்டார்கள். 1933-இல் திறந்தும் விட்டார்கள்.

திறந்தபோது வாசலில் கார் நின்றது. பல மாநிலங்களில் பழைய சட்டங்கள் ஏட்டிலிருந்து எடுக்கப்பட்டிருந்தன. அதனால் இம்முறை சட்டசபையை எதிர்பார்க்காமல் நீதிபதிகளே கிளம்பினார்கள். 1959-இல் நியூ ஜெர்ஸி உச்ச நீதிமன்றம், வயது வராத இளைஞனுக்கு ஊற்றிக் கொடுத்த மதுக்கடைகள் அவன் செய்த கார் விபத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்றது. பார்களுக்கு வெளியே கார் நிறுத்தும் இடம் இருக்கும்போது, வருகிறவன் எப்படி வீட்டுக்குப் போவான் என்று தெரியாதா என்பதுதான் இவ்வகைத் தீர்ப்புகளின் சாரம். 1971-இல் கலிஃபோர்னியாவும் சேர்ந்துகொண்டது. அங்கே, வளைந்து இறங்கும் மலைப்பாதையில் ஓட்டிப் போகப் போகிறவர் என்று தெரிந்தே விடியும்வரை ஊற்றியிருந்தார்கள். ஆனால் 1978-இல் அதே கலிஃபோர்னியாவின் சட்டசபை, குடித்தவனே காரணம் என்று சட்டம் போட்டு அந்தத் தீர்ப்பைத் தூக்கிப் போட்டது.

1984-இல் நியூ ஜெர்ஸி இன்னும் ஒரு படி மேலே போனது. வீட்டுக்கு வந்த நண்பருக்கு மது கொடுத்து, கார் வரைக்கும் கூடவே போய்ப் பேசி வழியனுப்பிய ஒருவர், அரை மணி கழித்து 'பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாரா' என்று ஃபோன் செய்கிறார். எதிரே வந்த காரில் மோதிவிட்டார் என்று நண்பரின் மனைவி சொல்கிறார். அடிபட்ட பெண்ணுக்கு அந்த உபசரித்தவரும் பொறுப்பு என்றது நீதிமன்றம். விருந்தாளியை வாசல் வரை போய் வழியனுப்பும் வழக்கமுள்ள நமக்கு இது தூக்கிவாரிப் போடும். அங்கேயும் போட்டது, பின்னால் சட்டசபை அந்தப் பொறுப்பைச் சுருக்கியது.

மற்ற நாடுகள் தலைக்கொரு வழி. கனடாவில், போதை ஏறிய வாடிக்கையாளரை இரவில் நெடுஞ்சாலையில் தள்ளி விட்டது ஒரு ஹோட்டல். நடந்து போனவர் மேல் கார் மோதியது. 1973-இல் உச்ச நீதிமன்றம் ஹோட்டல், கார் ஓட்டியவர், குடித்தவர் மூவருக்கும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று பிரித்தது. என் தொழில் கண்ணுக்கு இதைவிட அழகான கணக்கு வேறில்லை. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் ஒருவர் மோட்டார் சைக்கிளை பார்க்காரர் பொறுப்பில் விட்டுவிட்டுக் குடித்தார்; பிறகு கேட்டு வாங்கிக்கொண்டு போய் இறந்தார். வளர்ந்த மனிதர் தன் வண்டியைக் கேட்டால் மறுக்க பார்க்காரருக்கு என்ன அதிகாரம் என்று 2009-இல் உயர் நீதிமன்றம் விட்டுவிட்டது.

நம் ஊருக்கு வருவோம். இங்கே பெண்கள் கிளம்பாமல் இல்லை. 1992-இல் நெல்லூர் மாவட்டத்து தூபகுண்டா கிராமப் பெண்கள் மூட்டிய தீயில் 1993-இல் ஆந்திரத்தில் சாராயமே தடையானது. 1995-இல் முழு மதுவிலக்கு, 1997-இல் அதற்குத் தளர்வு. தமிழ்நாட்டு வழக்கறிஞர் பாலு தொடர்ந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2016 டிசம்பர் 15-இல் நெடுஞ்சாலை ஓரம் 500 மீட்டருக்குள் கடை கூடாது என்ற தீர்ப்பு வந்தது. பிறகு அதிலும் சலுகைகள் வந்தன. கவனித்தீர்களா? மூடு, தள்ளி வை என்றுதான் நாம் கேட்டிருக்கிறோம். 'கட்டு' என்று கேட்கவில்லை. இல்லினாய் போல, நாடெங்கும் செல்லும் தனிச் சட்டம் நம்மிடம் இல்லை.

ஒரு தடவை டிரிப்யூனல் வராந்தாவில் நம் ஊர் அம்மா ஒருத்தி, கணவரைப் பறிகொடுத்தவர், என்னிடம் கேட்டார்: "ஏன் சார், மோதுனவனைக் கேக்குறாங்க, உங்க கம்பெனியைக் கேக்குறாங்க. குடுத்தவனை யாரும் கேக்க மாட்டாங்களா?" சட்டத்தில் இடமில்லைம்மா என்றேன். "இடம் போட்டாத்தானே சார் இருக்கும்" என்றார்.

போட்டால் என்ன ஆகும்? மும்பையில் அது ஏதோ ஒரு தனியார் பார் முதலாளிக்குப் போகும். அமெரிக்காவில் போல பார்களும் இதற்கென்று தனி பாலிசி எடுக்கும், பிரீமியம் கிளாஸ் விலையில் ஏறும். தமிழ்நாட்டில்தான் சிக்கல். 2003 முதல் அங்கே சில்லறை மது விற்பனை டாஸ்மாக்கிடம் இருக்கிறது. அந்த அம்மா போன்றவர்கள் வழக்குப் போட்டால், எதிர்த்தரப்பில் நாலாவது ஆளாக வந்து நிற்க வேண்டியது அரசாங்கக் கம்பெனி.