நூலின் நிறம்

தூண்டிற்கோல் என்றதும் நம் கண்முன் வருவது குளக்கரையில் ஒரு பையன் கையில் பிடித்திருக்கும் மூங்கில் குச்சிதான். ஒரு குச்சி, ஒரு நரம்பு, ஒரு முள், ஒரு மண்புழு. அதோடு விஷயம் முடிந்தது. ஆனால் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இந்தக் குச்சியை ஒரு வாத்தியத்தைப் போலப் பாடுபட்டுச் செய்த மனிதர்கள் இருந்தார்கள். இன்றும் சிலர் இருக்கிறார்கள். அவர்களை நூற்றைம்பது ஆண்டுகளாக வாட்டி வரும் சங்கடம் ஒன்று உண்டு. கோலின்மேல் சுற்றுகிற வண்ணப் பட்டு நூலுக்கு வார்னிஷ் பூசாவிட்டால் நூல் நைந்துபோகும். பூசினாலோ நிறம் போய்விடும். இந்தச் சின்னச் சங்கடத்துக்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது.

பென்ஸில்வேனியா மாநிலத்தில் ஈஸ்டன் என்ற ஊரில் ஸாமுவேல் பிலிப்பி என்று ஒரு துப்பாக்கிக் கொல்லர் இருந்தார். பிடில் செய்வதிலும் கைதேர்ந்தவர். மூங்கிலை நெடுக்காகப் பிளந்து, பட்டைகளைச் சீவி, மறுபடியும் ஒன்றாக ஒட்டி, 1840களில் அவர் தூண்டிற்கோல் செய்தார். மூங்கிலின் பலமெல்லாம் தோலை ஒட்டிய நாரில்தான் இருக்கிறது. உள்சதையைக் கழித்துவிட்டு அந்த நார் மட்டும் வெளிப்புறம் அமையும்படி ஒட்டினால் கோல் மெல்லியதாகவும் இருக்கும், வளைந்தும் கொடுக்கும். அதற்கான மூங்கில் நம் தேசத்திலிருந்து கப்பலேறிப் போயிற்று. 'கல்கத்தா மூங்கில்' என்றே அங்கே அதற்குப் பெயர். சீனாவின் குவாங்டுங் மாகாணத்து மூங்கில் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது பிற்பாடு நடந்தது.

மெய்ன் மாநிலத்துப் பாங்கர் நகரில் இருந்த ஹைரம் லெனார்டும் துப்பாக்கி செய்தவர்தான். 1870களில் அவர் ஆறு பட்டைக் கோல்களைச் செய்து விற்றுப் பெரும் புகழ் பெற்றார். பட்டைகளைச் சீவும் இயந்திரத்தைப் பிறர் கண்ணில் படாமல் பூட்டிய அறைக்குள் வைத்திருந்தார் என்பார்கள். 1881ல் அவருடைய தொழிற்சாலை நியூயார்க் மாநிலத்துக்குப் பெயர்ந்தது.

அந்தக் காலத்தில் பட்டைகளை ஒட்டியது நம் தச்சர்கள் உபயோகிக்கும் வஜ்ரப் பசை போன்ற தோல் பசைதான். ஈரம் பட்டால் அது இளகிவிடும். தூண்டிற்கோலோ தண்ணீரோடு வாழ்கிற சாமான். ஆகவே, பசை கைவிட்டாலும் நூல் கைவிடாமல் இருக்கட்டும் என்று, கோலின் நீளம் முழுவதும் சிறு சிறு இடைவெளி விட்டுப் பட்டு நூலால் கட்டினார்கள். நரம்பு ஓடும் வளையங்களைக் கோலோடு பிணைத்ததும் அதே நூல்தான். அலங்காரம் என்று நாம் நினைப்பது உண்மையில் உயிர்நாடி.

இந்தக் கட்டில் முடிச்சே கிடையாது. நூலின் ஆரம்பத்தைச் சுற்றுகளுக்கு அடியிலேயே அமுக்கிவிடுவார்கள். முடிவை ஒரு கண்ணி வழியாக இழுத்துக் கடைசிச் சுற்றுகளுக்கு அடியில் புதைத்துவிடுவார்கள். சுற்றோடு சுற்று இடைவெளியின்றி நெருங்கி நிற்க வேண்டும். பிசிறுகளைச் சாராய விளக்கின் சுடரில் லேசாகப் பொசுக்க வேண்டும். பல தொழிற்சாலைகளில் இந்த வேலையைச் செய்தவர்கள் பெண்கள். கோலின் அடியில் முதலாளியின் பெயர் இருக்கும்; நூல் சுற்றியவளின் பெயர் எங்கும் இராது.

இத்தனை பாடுபட்டுச் சுற்றிய நூலின் மேல் வார்னிஷ் பட்டதும் நிறம் ஏன் மங்க வேண்டும்? மழையில் நனைந்த சட்டை ஏன் கறுத்துத் தெரிகிறதோ அதே காரணம்தான். பட்டு இழைகளுக்கு நடுவே காற்று இருக்கிறது. காற்றைக் கடந்து இழைக்குள் புகும்போதும் வெளிவரும்போதும் ஒளி சிதறுகிறது. அந்தச் சிதறல்தான் நிறத்துக்குப் பிரகாசம் தருகிறது. வார்னிஷ் உள்ளே புகுந்து காற்றை வெளியேற்றிவிடுகிறது. ஒளியை வளைப்பதில் பட்டுக்கும் வார்னிஷுக்கும் அதிக வித்தியாசமில்லை. ஆகவே ஒளி சிதறாமல் நேரே ஊடுருவி அடியிலுள்ள மூங்கிலைக் காட்டிவிடுகிறது. சிவப்பு இருண்டு போகும். மஞ்சள் தேன் நிறமாகும். வெள்ளை நூல் இருந்த இடமே தெரியாது.

போதாக்குறைக்கு வெயில் வேறு. 1856ல் வில்லியம் பெர்க்கின் என்ற பதினெட்டு வயது இளைஞர் லண்டனில் முதல் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்தார். அதைத் தொடர்ந்து வந்த சாயங்களில் பலவும் பட்டில் ஜொலித்தன, வெயிலில் வெளிறின. பட்டு இழையே வெயிலுக்கு ஆகாதது.

இதற்கு ஒரு பரிகாரம் கண்டுபிடித்தார்கள். வார்னிஷ் பூசுவதற்கு முன்னால், சாராயத்தில் கரைத்த அரக்கையோ, பஞ்சிலிருந்து உண்டாக்கிய செல்லுலோஸ் பூச்சையோ நூலில் தடவுவது. பின்னதில் வாழைப்பழ வாசனை வீசும். இப்பூச்சு இழைகளின்மேல் மெல்லிய படலமாக உலர்ந்து, கொஞ்சம் காற்றை உள்ளேயே சிறைப்படுத்திவிடும். பிறகு வரும் வார்னிஷுக்கு வாசல் அடைத்தாயிற்று. பூச்சு குறைந்தால் வார்னிஷ் அங்கங்கே புகுந்து தேமல் விழும். தாராளமாகப் பூசினால் நிறம் நிற்கும். ஆனால் வார்னிஷ் நூலுக்குள் இறங்கி மூங்கிலைப் பற்ற வழியில்லாமல் போவதால், கட்டின் பிடிப்பு சற்றே குறையும். எந்தக் காற்று நிறத்தைக் காப்பாற்றுகிறதோ அதுவே கட்டின் பலவீனமாகவும் இருக்கிறது.

எவரெட் காரிஸன் என்பவர் இந்த வம்பே வேண்டாமென்று ஒதுங்கியவர். தொழிலால் இன்ஜினீயர், 1893ல் பிறந்து 1975ல் மறைந்தார். அவர் செய்முறையை விவரிக்கும் நூல், கார்மைக்கேல் என்ற அவருடைய சீடரின் முயற்சியால் 1977ல் வெளிவந்தது. காரிஸன் வெள்ளைப் பட்டு நூலையே சுற்றினார். வார்னிஷ் பட்டதும் அது கண்ணாடியாகிவிடும். மூங்கில் மட்டும் தெரியும். காக்க முடியாத நிறத்தை முதலிலேயே துறந்துவிடுவதும் ஒரு தீர்வுதானே!

மற்றவர்களுக்கு ரசாயன சாஸ்திரம் கை கொடுத்தது. 1938ல் நைலான் உலகத்துக்கு அறிமுகமாயிற்று. பின்னர், வார்னிஷில் நனைந்தாலும் ஒளியை ஊடுருவ விடாத நைலான் நூலையே தயாரித்துவிட்டார்கள். அதற்குப் பாதுகாப்புப் பூச்சு தேவையில்லை. போருக்குப் பின் கண்ணாடி நார்க் கோல்கள் வந்தன. அவற்றில் ஒட்டிய பட்டைகளும் இல்லை, பசையும் இல்லை. வளையங்களைப் பிணைப்பது தவிர நூலுக்கு வேறு உத்தியோகமில்லை. விசித்திரம் என்னவென்றால், வேலை குறைந்த பிறகுதான் நூலின் வண்ணக் கோலங்கள் பெருகின.

இப்போது பழைய மூங்கில் கோல்களைப் புதுப்பிப்பவர்களுக்கு ஒரு கேள்வி எழுகிறது. நைந்த கட்டை அவிழ்த்துவிட்டு எந்த நிறத்தில் கட்டுவது? கண்ணுக்குத் தெரிவது சாயமும் வார்னிஷும் வெயிலும் சேர்ந்து செய்த நிறம். நூலை மெல்லப் பிரித்தால், வெயில் படாத அடிப்புறத்தில் அசல் வண்ணம் சில சமயம் எட்டிப் பார்க்கும். அதைப் பார்த்துப் புது நூல் தேர்ந்தெடுக்கிறார்கள். நிறம் இவ்வாறு திரும்பக் கிடைத்துவிடுகிறது. ஆனால் அவிழ்த்த நூலோடு, அதைச் சுற்றிய கையின் ஒரே சாட்சியமும் போய்விடுகிறது. ஆகையால், கட்டு இன்னும் இறுக்கமாக இருக்குமானால், நிறம் மங்கியிருந்தாலும் அதன் மேலேயே புது வார்னிஷ் பூசி விட்டுவிடுவதே நியாயம் என்பது என் அபிப்பிராயம். முதலாளியின் பெயரைக் காப்பாற்ற எத்தனையோ பேர் இருக்கிறார்கள். பெயரில்லாதவளுக்கு அந்த நூல்தான் இருக்கிறது.